நாற்பது ஷில்லிங் வாக்காளர்கள்

டேனியல் ஓகானலைப் பற்றி யார் எழுதினாலும் ஒரே பாட்டுதான். அயர்லாந்தின் விடுதலை வீரர், துப்பாக்கி தூக்காமல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தைப் பணிய வைத்தவர், கத்தோலிக்கர்களுக்கு உரிமை வாங்கிக் கொடுத்த வக்கீல். டப்ளினின் பெரிய வீதிக்கு அவர் பெயர், அதே வீதியில் சிலை. எல்லாம் சரி. ஆனால் 1829ல் நடந்த ஒரு விஷயத்தை மட்டும் இந்தக் கட்டுரைகள் அரை வாக்கியத்தில் கடந்துவிடும்: கத்தோலிக்கர்களுக்கு நாடாளுமன்றம் திறந்துவிடப்பட்ட அதே சமயத்தில் வாக்குரிமைக்கான சொத்துத் தகுதியும் உயர்த்தப்பட்டது, அவ்வளவுதான், அடுத்த பத்தி. அந்த அரை வாக்கியத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ஏனென்றால் அதற்குள் இருப்பது இதுதான்: ஓகானலுக்கு ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்த ஏழைக் குடியானவர்களின் ஓட்டு, அந்த வெற்றிக்கு விலையாகப் பிடுங்கப்பட்டது. அவர் உள்ளே போனார். அவரை அனுப்பியவர்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

இதைப் பற்றி வக்கீல் நண்பர் ஒருவரிடம் பேசினால் அவருக்குக் கொஞ்சமும் உறைக்கவில்லை. "செட்டில்மென்ட்னா அப்படித்தான் இருக்கும். பத்து கேட்டு ஏழு வாங்கிக் கொடுக்கிறவன்தான் நல்ல வக்கீல். மூணு போச்சேன்னு அழுதா கேஸ் முப்பது வருஷம் நடக்கும்" என்றார். தொழில் தெரிந்தவர் சொல்வது, எடுத்தவுடன் மறுக்க முடியாது. வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்கே இடிக்கிறது என்று பிடிபட்டது. ஏழு கிடைத்தது ஒருவருக்கு, மூன்று போனது வேறொருவருக்கு. ஒரே கட்சிக்காரருக்குக் கூடக் குறைய வாங்கிக் கொடுத்தால் அதைச் சமரசம் என்று சொல்லலாம். இதை என்னவென்று சொல்வது?

என்னிஸ், 1828 ஜூலை

முதலில் அந்தத் தேர்தலைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதன் அளவு தெரியாமல் இழப்பின் அளவும் தெரியாது. கிளேர் தொகுதியின் உறுப்பினர் வெசி ஃபிட்ஸ்ஜெரால்டை பிரதமர் வெலிங்டன் பிரபு தன் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். அன்றைய வழக்கப்படி, அமைச்சராகிறவர் பதவியைத் துறந்து தன் தொகுதியில் மறுபடி நின்று ஜெயிக்க வேண்டும். பெரும்பாலும் சடங்கு மாதிரி முடிந்துவிடும் சமாசாரம். இவர் கெட்ட மனிதரும் இல்லை, கத்தோலிக்கர் உரிமைக்கு ஆதரவாகவே நாடாளுமன்றத்தில் ஓட்டுப் போட்டவர். அவரை எதிர்த்து நிற்க யாரும் கிடைக்காமல் கடைசியில் ஓகானலே நின்றார். கத்தோலிக்கர் தேர்தலில் நிற்கக் கூடாது என்று சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. ஜெயித்த பிறகு எடுக்க வேண்டிய உறுதிமொழியில்தான் கொக்கி இருந்தது: கத்தோலிக்கப் பூசையும் புனிதர் வணக்கமும் மூடநம்பிக்கை, உருவ வழிபாடு என்று அறிவித்தால்தான் நாற்காலியில் உட்காரலாம். அதாவது ஜெயிக்கலாம், உட்கார முடியாது. இந்த இடைவெளியைக் கண்டுகொள்ள ஒரு வக்கீல் மூளை தேவைப்பட்டது.

ஓட்டுப் போட்டவர்கள் யார்? நாற்பது ஷில்லிங் வாக்காளர்கள் என்று வரலாற்றில் பெயர். ஆயுள் குத்தகைக்கு நிலம் வைத்திருக்க வேண்டும், குத்தகைப் பணம் போக வருஷத்துக்கு நாற்பது ஷில்லிங், அதாவது இரண்டு பவுன், மிஞ்சுகிற நிலமாக அது இருக்க வேண்டும். காகிதத்தில் அப்படி. நடைமுறையில், 1793ல் கத்தோலிக்கர்களுக்கு ஓட்டு வந்ததும் நிலக்கிழார்கள் தங்கள் நிலத்தைத் துண்டு துண்டாக்கி ஆயுள் குத்தகைச் சீட்டுகளை எழுதிக் குவித்தார்கள். எத்தனை சீட்டோ அத்தனை ஓட்டு, அத்தனையும் தன் பையில் என்ற கணக்கு. தேர்தல் நாளன்று முதலாளியோ அவரது காரியஸ்தரோ முன்னால் போக, குடியானவர்கள் கூட்டமாகப் பின்னால் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போவார்கள். ரகசிய வாக்குச் சீட்டெல்லாம் 1872ல்தான் வந்தது. 1828ல் மேடையேறி, தன் பெயரைச் சொல்லி, யாருக்கு ஓட்டு என்பதையும் எல்லார் காதிலும் விழும்படி சத்தமாகச் சொல்ல வேண்டும். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் காரியஸ்தரும் ஒருவர். அவர் கணக்கில் இந்தக் குடியானவனின் குத்தகை பாக்கி எழுதியிருக்கும். பாக்கி இல்லாத குடியானவனே அந்த ஊரில் அபூர்வம். ஓட்டு மாறினால் அந்த பாக்கியை மொத்தமாகக் கேட்பார்கள், அடுத்தது வீட்டைக் காலி செய்யும் நோட்டீஸ்.

இதெல்லாம் தெரிந்துதான் அவர்கள் வந்தார்கள். பாதிரியார்கள் முன்னால் நடக்க, ஊர் ஊராக அணிவகுத்து என்னிஸ் நகரத்துக்குள் வந்தார்கள். தேர்தல் முடியும்வரை சாராயம் தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தார்கள், அதைக் காப்பாற்றவும் செய்தார்கள். கலவரம் வரும், சுட ஒரு சாக்குக் கிடைக்கும் என்று காத்திருந்த பட்டாளத்துக்கு வேலையே இல்லாமல் போனது. சர் எட்வர்ட் ஓப்ரையன் போன்ற பெரிய நிலக்கிழார்கள், தங்கள் குடியானவர்களே முகத்துக்கு நேராக ஓகானல் பெயரைச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஐந்து நாள் வாக்குப்பதிவுக்குப் பிறகு கணக்கு: ஓகானல் 2,057, ஃபிட்ஸ்ஜெரால்ட் 982. எனக்கு இந்த 2,057ஐப் படிக்கும்போதெல்லாம், அதில் எத்தனை பேர் அன்று ராத்திரி தூங்கியிருப்பார்கள் என்று தோன்றும். தேர்தலில் தோற்றிருந்தால் ஓகானல் மறுபடி டப்ளினுக்குப் போய்த் தன் வழக்குகளைப் பார்த்திருப்பார். அவர்கள் அதே ஊரில், அதே காரியஸ்தரிடம்தான் இருக்க வேண்டும்.

சாதாரண அங்கி

ஓகானல் 1775ல் கெர்ரி மாவட்டத்தில் பிறந்தார். கைக்குழந்தையாகவே ஒரு குடியானவக் குடும்பத்தில் வளர விடப்பட்டு, முதல் சில வருஷங்கள் ஐரிஷ் மொழி பேசியே வளர்ந்தவர். அப்புறம் கடத்தல் வியாபாரத்தில் காசு பார்த்த பணக்காரப் பெரியப்பா தத்தெடுத்து பிரான்சுக்குப் படிக்க அனுப்பினார், புரட்சி வந்தது, பையன் 1793 ஜனவரியில் தப்பித்து லண்டன் வந்து சட்டம் படித்தான். ரத்தம் சிந்துகிற அரசியல் மீது வாழ்நாள் முழுக்க அவருக்கிருந்த வெறுப்பு அங்கேயே தொடங்கிவிட்டது, 1798ல் அயர்லாந்தில் நடந்த கலகமும் அது நசுக்கப்பட்ட விதமும் அதை உறுதியாக்கின. அதே 1798ல்தான் வக்கீலாகப் பதிவு செய்தார். ஆறு வருஷம் முந்தியிருந்தால் கத்தோலிக்கருக்கு அந்தத் தொழிலே கிடையாது.

தொழில் கிடைத்ததே தவிர உயர்வு கிடையாது. அரசரின் வழக்கறிஞர் என்ற பட்டமும் அதனோடு வரும் பட்டு அங்கியும் புராட்டஸ்டன்டுகளுக்கு மட்டும். நீதிபதிப் பதவியைக் கனவிலும் நினைக்க முடியாது. அதனால் அயர்லாந்திலேயே அதிக வழக்கு நடத்துகிற, அதிகம் சம்பாதிக்கிற வக்கீல், முப்பது வருஷம் முடிந்த பிறகும் ஜூனியர்களுக்கான சாதாரணத் துணி அங்கியோடுதான் கோர்ட்டில் நின்றார். தன் காலடியில் தொழில் கற்றிருக்க வேண்டியவர்கள் பட்டு உடுத்தி முன்வரிசையில் உட்கார, இவர் பின்வரிசையில். அந்த ஆத்திரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கத்தோலிக்கர் விடுதலை என்று அவர் கேட்ட பட்டியலில் நாடாளுமன்ற நாற்காலி, நீதிபதி ஆசனம், பட்டு அங்கி, உயர் அரசுப் பதவி எல்லாம் இருந்தன. கிளேரின் குடியானவனுக்கு இவற்றில் எது பயன்படும்? அவன் கையில் ஏற்கெனவே இருந்த ஒரே அரசியல் உடைமை அந்த ஓட்டு.

கட்சிக்காரரின் செலவில் அரசியல் பேசுகிற பழக்கம் அவருக்கு முன்பே உண்டு. 1813ல் ஜான் மகீ என்ற பத்திரிகை அதிபர்மீது அவதூறு வழக்கு. ஓகானல் அவருக்காக வாதாடினார். நடுவர்கள் (ஜூரிகள்) எல்லாரும் அரசுக்குச் சாதகமானவர்கள், எப்படியும் தோற்கப் போகிற வழக்கு. அதனால் தற்காப்பு வாதத்தை ஓரமாக வைத்துவிட்டு, அரசுத் தலைமை வழக்கறிஞர் சாரினையும் அரசாங்கத்தையும் மணிக்கணக்கில் கிழித்துத் தொங்கவிட்டார். படிக்க அபாரமான பேச்சு. நாடெங்கும் அச்சாகி விற்றது. மகீக்கு இரண்டு வருஷம் சிறை, 500 பவுன் அபராதம். பேச்சின் புகழ் வக்கீலுக்கு, சிறை கட்சிக்காரருக்கு. மகீயும் அரசியல்வாதிதான், அவருக்கும் விளைவு தெரிந்திருக்கும் என்று சொல்லலாம், சொல்கிறார்கள். என்றாலும் பின்னால் வரப் போவதற்கு இது ஒரு முன்னோட்டம்போல எனக்குப் படுகிறது.

1825, லண்டன்

எல்லாரும் 1829ஐப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். என் பார்வையில் விஷயம் நான்கு வருஷம் முன்னாலேயே நடந்துவிட்டது.

1823ல் ஓகானல் கத்தோலிக்கச் சங்கம் தொடங்கினார். ஆரம்பத்தில் வக்கீல்களும் வியாபாரிகளும் கூடிப் பேசுகிற இடம், கூட்டம் நடத்தப் பத்துப் பேர் சேர்ப்பதே திண்டாட்டம். 1824ல் அவருக்கு ஒரு யோசனை வந்தது, அதுதான் அவரது மேதைமை: யாரும் மாதம் ஒரு பென்னி கொடுத்தால் சங்கத்தில் சேரலாம். பாதிரியார்கள் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் வசூலித்தார்கள். கந்தல் கட்டியவனும் ஒரு பென்னி கொடுத்து, தன் பெயர் புத்தகத்தில் ஏறுவதைப் பார்த்தான். ஐரோப்பாவில் அதுவரை இப்படியொரு வெகுஜன அமைப்பை யாரும் கண்டதில்லை. இன்று நாம் பார்க்கிற உறுப்பினர் அட்டை, கிளை, சந்தா என்கிற கட்சி அமைப்புக்கு மூதாதை என்று தாராளமாகச் சொல்லலாம். லண்டன் மிரண்டது, அமைப்பையே தடை செய்தது, ஓகானல் பெயரை மாற்றி மறுபடி தொடங்கினார், இந்த மாதிரி விளையாட்டில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

1825ல் அவரே லண்டன் போனார். பெரிய மனிதர்கள் விருந்துக்கு அழைத்தார்கள், நாடாளுமன்றக் குழுக்கள் முன்னால் சாட்சியம் சொன்னார். அப்போது சர் பிரான்சிஸ் பர்டெட் கொண்டுவந்த விடுதலை மசோதாவோடு இரண்டு 'இறக்கைகள்' ஒட்டப்பட்டன. ஒன்று, கத்தோலிக்கப் பாதிரிகளுக்கு அரசு சம்பளம். இன்னொன்று, நாற்பது ஷில்லிங் வாக்காளர்களின் ஓட்டை ரத்து செய்வது. ஓகானல் இரண்டுக்கும் ஒத்துக்கொண்டார். இந்தக் குடியானவர்கள் சுதந்திரமான வாக்காளர்கள் இல்லை, நிலக்கிழார் சொன்ன பக்கம் போகிறவர்கள், அவர்கள் ஓட்டுப் போனால் பெரிய நஷ்டம் இல்லை என்பது அவர் சொன்னதன் சாரம். மசோதா மக்களவையில் தேறி, பிரபுக்கள் அவையில் விழுந்தது. ஓகானல் வெறுங்கையோடு ஊர் திரும்பினார். ஊரில் பலர் அவரைக் கிழித்தார்கள்.

மறு வருஷமே வாட்டர்ஃபோர்டில் அந்தக் குடியானவர்கள் பதில் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தத் தொகுதியைக் கையில் வைத்திருந்த பெரஸ்ஃபோர்ட் குடும்பத்தின் வேட்பாளரை, அந்தக் குடும்பத்தின் சொந்தக் குடியானவர்களே தோற்கடித்து, கத்தோலிக்கர் உரிமையை ஆதரித்த வில்லியர்ஸ் ஸ்டூவர்ட்டை ஜெயிக்க வைத்தார்கள். இன்னும் சில தொகுதிகளிலும் அப்படியே. ஆட்டு மந்தை என்று தலைவரே ஒதுக்கித் தள்ளியவர்கள் தலைவருக்கு வழி காட்டினார்கள். ஓகானல் உடனே பேச்சை மாற்றினார். நான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன், இவர்கள் ஓட்டைத் தொடுகிற எந்த விடுதலையும் எனக்கு வேண்டாம் என்று மேடை மேடையாகச் சொன்னார். ஓட்டு மாற்றிப் போட்டதற்காகத் துன்புறுத்தப்படும் குடியானவர்களைக் காக்கச் சங்கப் பணமும் ஒதுக்கப்பட்டது. மனம் மாறியது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு வக்கீலுக்கு இது தெரியாமலா இருக்கும்: 1825ல் கொடுத்த வாக்குமூலம் லண்டனில் அச்சிட்ட காகிதமாக இருக்கிறது. கட்சிக்காரர் சார்பில் ஒருமுறை ஒத்துக்கொண்டதை எதிர்த்தரப்பு மறக்காது. என்ன விலைக்கு இந்த ஆள் படிவார் என்பது உள்துறை அமைச்சர் ராபர்ட் பீலுக்கு அன்றே தெரிந்துவிட்டது.

முதல் நாள்

கிளேர் முடிவைப் பார்த்து வெலிங்டனும் பீலும் இறங்கி வந்தார்கள், மறுத்தால் உள்நாட்டுப் போர் வரும் என்று பயந்தார்கள். 1829ல் அவர்கள் கொண்டுவந்தது ஒன்றல்ல, மூன்று சட்டங்கள். ஒன்று கத்தோலிக்கச் சங்கத்தை ஒடுக்குவது, ஒன்று கத்தோலிக்கர்களுக்கு நாடாளுமன்றத்தையும் பதவிகளையும் திறந்துவிடுவது, ஒன்று அயர்லாந்து மாவட்டத் தொகுதிகளில் வாக்குத் தகுதியை நாற்பது ஷில்லிங்கிலிருந்து பத்துப் பவுனுக்கு உயர்த்துவது. ஒரே தாவலில் ஐந்து மடங்கு. மாவட்டத் தொகுதிகளில் ஏறத்தாழ 2,16,000 ஆக இருந்த வாக்காளர் எண்ணிக்கை ஏறத்தாழ 37,000க்கு இறங்கியது. ஆறில் ஐந்து பேர் காலி. நம் சென்னை மாகாணத்தில் 1920 தேர்தலிலும் சொத்து வைத்திருந்தவருக்குத்தான் ஓட்டு, ஆனால் அங்கே இல்லாதவருக்குக் கொடுக்கவில்லை. இங்கே இருந்தவரிடமிருந்து, அவர் அதைச் சரியாகப் பயன்படுத்திய குற்றத்துக்காக, பிடுங்கினார்கள்.

ஓகானல் அப்போது லண்டனில் இருந்தார். அவருக்கு நாடாளுமன்றத்தில் ஓட்டு இல்லை, தடுத்திருக்க முடியாது என்பது நியாயமான வாதம். ஓட்டு ரத்தை எதிர்த்து அவர் பேசவே இல்லை என்றும் சொல்ல முடியாது. பேசினார், ஆனால் முந்தின வருஷம் அயர்லாந்தை அதிர வைத்த அந்தக் குரல் இல்லை. இங்கிலாந்தின் தீவிரச் சீர்திருத்தக்காரர் ஹென்றி ஹண்ட் அப்போதே, ஏழைகளை விற்றுவிட்டார் என்று அவரைத் தாக்கினார். ஏப்ரல் 13ல் அரசர் கையெழுத்துப் போட்டார். மறுநாள் ஓகானல் எழுதிய கடிதத்தில் தேதிக்கு மேல், இது சுதந்திரத்தின் முதல் நாள் என்று குறிப்பு. ரத்தம் சிந்தாத புரட்சி என்று உள்ளே பூரிப்பு. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை, பெரிய விஷயம்தான் நடந்திருந்தது. அந்த முதல் நாள் கிளேரின் வரப்பில் நின்றவனுக்கு எப்படி விடிந்தது என்ற யோசனை அந்தக் கடிதத்தில் இல்லை.

அடுத்த காட்சி எல்லாருக்கும் பிடித்தது. மே மாதம் ஓகானல் தன் நாற்காலியைக் கேட்டு அவைக்கு வருகிறார். புதிய சட்டம் இனிமேல் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்களுக்குத்தான், முன்பே ஜெயித்தவருக்கு இல்லை என்று சட்டத்தில் ஒரு வாசகம் வைத்திருந்தார்கள், அவர் ஒருவரைக் குறிவைத்தே. பழைய உறுதிமொழி அட்டையை நீட்டுகிறார்கள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படிக்கிறார். இதில் உள்ள ஒரு செய்தி பொய் என்று எனக்குத் தெரியும், இன்னொரு கருத்து உண்மை இல்லை என்று நான் நம்புகிறேன், ஆகவே எடுக்க மாட்டேன் என்று சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுக்கிறார். 190க்கு 116 என்ற கணக்கில் அவரை வெளியே அனுப்புகிறார்கள். படம் பிடிக்கத் தகுந்த காட்சி.

எனக்கு அதைவிட ஜூலையில் நடந்ததுதான் முக்கியம். கிளேரில் மறுதேர்தல். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. போட்டியின்றித் தேர்வு. வாக்குப்பதிவே கிடையாது, மேடையேறிப் பெயர் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. போட்டி இருந்திருந்தாலும், முந்தின வருஷம் அவர் பெயரைச் சத்தமாகச் சொன்னவர்களில் பெரும்பாலோர் இந்த முறை வேடிக்கைதான் பார்த்திருக்க முடியும். அவர்களுக்கு ஓட்டுப் போனதோடு முடியவில்லை. ஓட்டுக்காகத்தான் நிலக்கிழார் ஆயுள் குத்தகை எழுதிக் கொடுத்தார். ஓட்டு இல்லையென்றால் எதற்கு ஆயுள் குத்தகை? தவணை முடிந்த சீட்டுகளைப் புதுப்பிக்காமல் விட்டு, சின்னத் துண்டுகளைச் சேர்த்துப் பெரிய பண்ணையாக்குவது லாபம். குடியானவனை மண்ணோடு கட்டி வைத்திருந்த ஒரு காரணம் அறுந்துபோனது.

டொனரெய்ல்

இவ்வளவு சொன்ன பிறகு அதே வருஷம் அக்டோபரில் நடந்ததையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவன் இல்லை. கார்க் மாவட்டம் டொனரெய்ல் பக்கம், நீதவான்களைக் கொல்லச் சதி செய்ததாகப் பல குடியானவர்களைப் பிடித்து, குழுக் குழுவாக விசாரித்தார்கள். காசுக்குச் சாட்சி சொல்கிற துப்பாளிகளை வைத்து முதல் நான்கு பேருக்குத் தூக்கு விதித்தாகிவிட்டது, அதில் ஒருவர் வயதானவர், ஊரில் மரியாதையாக வாழ்ந்தவர். மீதிப் பேருடைய சொந்தக்காரர்களுக்கு ஒரே ஒரு பெயர்தான் தோன்றியது. பர்க் என்று ஒரு ஆள், கார்க்கிலிருந்து டெரினேனில் இருந்த ஓகானல் வீடு வரை தொண்ணூறு மைல், ராத்திரி முழுக்கக் குதிரையில் போனான். ஓகானல் நீண்ட விடுமுறையில் இருந்தார். நீங்கள் வராவிட்டால் எல்லாரையும் தூக்கில் போட்டுவிடுவார்கள் என்றதும் ஒற்றைக் குதிரை வண்டியில் கிளம்பிவிட்டார். அந்த மலைப் பாதையில், ராத்திரியில்.

திங்கட்கிழமை காலை அரசுத் தரப்பு வக்கீல் டோஹர்ட்டி பேசிக்கொண்டிருக்கும்போது வெளியே ஆரவாரம், ஓகானல் உள்ளே வருகிறார். சாப்பிடவில்லை, நீதிபதிகளிடம் அனுமதி கேட்டுவிட்டு ரொட்டியும் பாலும் வரவழைத்து அங்கேயே சாப்பிடுகிறார். டோஹர்ட்டி ஒரு சட்டப் பாயிண்டைச் சொல்ல, வாயில் ரொட்டியோடு, அது சட்டமில்லை என்கிறார் இவர். அப்புறம் குறுக்கு விசாரணை. துப்பாளிகள் ஒவ்வொருவராக உளறினார்கள். ஒருவன் கூண்டிலேயே, உங்களை இங்கே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை என்று புலம்பியதாகக் கதை. அந்தக் குழுவுக்கு நடுவர்கள் முடிவுக்கு வர முடியவில்லை, அடுத்து விசாரிக்கப்பட்டவர்கள் விடுதலை, முதல் நான்கு பேரின் தூக்கும் நாடுகடத்தலாகக் குறைந்தது. அந்தச் சனங்கள் அவரை எம்.பி. என்று அழைக்கவில்லை, கடைசிவரை 'கவுன்சிலர்' என்றுதான், அதாவது எங்கள் வக்கீல். முகம் தெரிகிற குடியானவன் கழுத்தில் கயிறு என்றால் தொண்ணூறு மைல் ஓடி வருவார். லட்சக்கணக்கில் எண்ணாக மாறிவிட்டால் அதே குடியானவன் பேச்சுவார்த்தை மேசையில் ஒரு காயாகிவிடுகிறான். வக்கீல்களுக்கு மட்டும் வருகிற நோய் என்று இதைச் சொல்ல மாட்டேன்.

இன்னும் குழப்பம் என்னவென்றால், பேரம் பேசவே மறுத்த இடமும் அவர் வாழ்க்கையில் உண்டு. அடிமை முறை. அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ்காரர்கள் அவருடைய இயக்கத்துக்குப் பணம் அனுப்பினார்கள், அவர்களில் பலர் அடிமை முறையை ஆதரித்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் பணம் குறையாது. அவர் மூடவில்லை, இன்னும் கடுமையாகப் பேசினார், தென்மாநிலங்களில் இருந்த ஆதரவுச் சங்கங்கள் கலைந்துபோயின. 1845ல் டப்ளின் வந்த ஃபிரெடரிக் டக்ளஸ், அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர், ஓகானல் பேச்சைக் கேட்டுச் சொக்கிப் போனார். ஓகானல் யூதர்களுக்குச் சம உரிமை கேட்டார், ரகசிய வாக்கெடுப்பு கேட்டார், 1830லேயே எல்லா ஆண்களுக்கும் ஓட்டு என்று நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து பரிதாபமாகத் தோற்றார். 1832ல் அயர்லாந்துச் சீர்திருத்த மசோதா வந்தபோது நாற்பது ஷில்லிங் ஓட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்றும் வாதாடினார், நடக்கவில்லை. கூடவே, டப்ளின் தொழிலாளர் சங்கங்களை எதிர்த்துப் பேசினார், தன் தாய்மொழியான ஐரிஷ் தேய்வதைப் பற்றிப் பெரிய வருத்தமில்லை, ஆங்கிலம்தான் பயன் என்றார் (இந்த இடத்தில் நம்மவர்கள் பலர் புத்தகத்தை மூடிவிடுவார்கள்), 1845ல் ஒரு லண்டன் பத்திரிகை நிருபர் டெரினேனுக்கே போய் இவருடைய குடியானவர்கள் எப்படி வாழ்கிறார்கள் பாருங்கள் என்று எழுதினார். அந்தக் காலத்து லிபரல் என்றால் இதெல்லாம் ஒரே ஆளுக்குள் இருக்கும்.

அதனால் 1829க்காக நான் அவரைப் பெரிதாகக் குற்றம் சொல்லவில்லை. மசோதா பீல் கையில் இருந்தது, இவர் வெளியே நின்றிருந்தார், வேண்டாம் என்று உதறியிருந்தால் ரத்தக்களறி ஆகியிருக்கலாம், அதை அவர் தாங்கியிருக்க மாட்டார். என் சண்டை 1825ன் ஓகானலோடு. அப்போது யாரும் அவர் கழுத்தைப் பிடிக்கவில்லை. லண்டன் விருந்து மேசைகளில், தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை, தானாக முன்வந்து, மலிவாகப் போட்டுக் கொடுத்தார். கேட்டால், அயர்லாந்து முழுக்க இருக்கும் குடியானவர்களிடம் போய் ஒப்புதல் வாங்க முடியுமா என்பார்கள். ஏன் முடியாது? அவர்களிடம் மாதம் ஒரு பென்னி வசூலிக்கப் பங்குக்குப் பங்கு (ஒவ்வொரு பாதிரியார் பொறுப்பிலும் உள்ள ஊர்ப் பிரிவுதான் பங்கு) ஆள் இருந்தது. 1828 ஜனவரியில் இதே அமைப்பு, ஒரே ஞாயிற்றுக்கிழமையில், ஆயிரத்தைந்நூறு பங்குகளுக்கு மேல் ஒரே நேரத்தில் கூட்டம் நடத்தி விடுதலை கேட்டு மனு போட வைத்தது. நாற்பது ஷில்லிங்கைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று கேட்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கப்படவில்லை, 1825லும் இல்லை, 1829லும் இல்லை.